சொன்னால் வராத சிரிப்பு

கை கால் இழுத்தவர்களை நடக்க வைப்பதுதான் பிசியோதெரபி என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது; வாய் கோணியவர்களைக் கண்ணாடி முன்னால் இருத்தி, கொஞ்சம் சிரியுங்கோ என்று மன்றாடுவதும் எங்கள் வேலைதான் என்பது அந்தக் கதிரையில் வந்து இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

யாழ்ப்பாணம் டவுனில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில், ஒரு சின்ன நிலையத்தில் நான் பிசியோதெரபிஸ்ட். வருகிறவர்கள் என்னை மிஸ் என்பார்கள். சிலர் 'நோவுக்கு எண்ணெய் பூசுற பிள்ளை' என்றும் சொல்வதுண்டு; அவர்களுக்குப் பயிற்சியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பேன். வகுப்பறையிலோ வங்கிக் கவுண்டரிலோ இருந்துகொண்டு, அடுத்தவர் முகம் எப்போது சுருங்கும், எப்போது விரியும் என்று பார்த்தே நாளைக் கடத்துகிறவர்கள் இதை வாசித்தால் என் பாடு விளங்கும். நீங்களெல்லாம் என் கட்சிதான்.

காரணமில்லாமல்

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் முகவாதத்தோடு வந்தார். ஒரு காலை நித்திரையால் எழும்பிப் பல் தீட்டும்போது தண்ணீர் வாயின் ஒரு பக்கத்தால் வழிந்திருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தால் பாதி முகம் சொன்ன சொல் கேட்கவில்லை. நரம்பு வீங்கினால் இப்படி வரும், பெரும்பாலும் சுகமாகிவிடும் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

புருவத்தை உயர்த்தச் சொன்னேன், உயர்த்தினார். கன்னத்தை ஊதச் சொன்னேன், ஊதினார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னேன், ஒரு பக்கம்தான் கேட்டாலும் எல்லாவற்றையும் ஒரு பரீட்சை எழுதுவது போல ஒழுங்காகச் செய்தார். சிரியுங்கோ என்றதும் மனிதர் கல்லாய் இருந்துவிட்டார். பயிற்சிக்குத்தானே சேர், பல்லுத் தெரிய ஒரு தரம் என்று நான் குழைந்து பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். அவர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, காரணமில்லாமல் சிரிக்கிற பெடியளை நான் வகுப்புக்கு வெளியிலை விட்டனான். இப்ப நீர் என்னை வெளியிலை விடப் பாக்கிறீர்."

அழுகை

கொழும்புத்துறையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவருக்குப் பாரிசவாதம் வந்து, கை கால் ஓரளவு திரும்பியது. திரும்பாத ஒன்று இருந்தது. தொட்டதற்கெல்லாம் அழுதார். மகள் இடியப்பத்தைக் கொண்டு வந்து வைத்தால் அழுகை. தொலைக்காட்சியில் விளையாட்டு நடந்தால், யார் வென்றாலும் அழுகை. வெளிநாட்டிலிருந்து மகன்மார் வீடியோவில் கூப்பிட்டால் தேம்பித் தேம்பி அழுகை. வாழ்நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அப்பா இப்படி அழுகிறார் என்றால், பக்கத்தில் வைத்துப் பார்க்கிற தங்கச்சி என்ன கொடுமை செய்கிறாளோ என்று மகன்மார் சந்தேகப்படத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண் என்னிடம் வரும்போது இளைத்துப் பாதியாகியிருந்தாள்.

நான் அவளையும் அப்பாவையும் நரம்பு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அழுகையையும் சிரிப்பையும் அடக்கிப் பிடிப்பதற்கு மூளையில் ஒரு பிரேக் இருக்கிறது, பாரிசவாதத்தில் சிலருக்கு அது பழுதாகிவிடும், பிறகு மனதில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அழுகை தன்பாட்டில் ஓடும் என்று அவர் விளக்கினார். இதற்கு மருந்தும் இருக்கிறது என்றார். அதையே அண்ணன்மாருக்கும் வீடியோவில் சொன்னார். மகள் அந்த அறையிலேயே இருந்து அழுதாள். அது பிரேக் பழுதில்லாத நல்ல அழுகை. அப்பாவைப் பார்த்து, உண்மையில் உங்களுக்கு என்ன கவலை ஐயா என்று டொக்டர் கேட்டார். கன்னத்தால் கண்ணீர் ஓட ஓட அவர் சொன்னார்:

"ஒரு கவலையும் இல்லை டொக்டர். இவள் தேத்தண்ணிக்குச் சீனி போடுறது மட்டும் காணாது."

அசையாத முகம்

குருநகரில் கடற்றொழில் செய்த ஒரு அண்ணைக்கு நடுக்க வியாதி. அந்த வியாதி கையை நடுங்க வைப்பதோடு நிற்காது, சிலருக்கு முகத்தின் அசைவையும் மெல்ல மெல்ல எடுத்துவிடும். மனதுக்குள் சந்தோசம் சந்தோசமாகவே இருக்கும், முகம் மட்டும் அதை வெளியே சொல்லாது. இதைச் சொன்னபோது மனைவி பெரிய மூச்சு விட்டா. மனிதருக்குத் தன்மேல் என்ன கோபமோ என்று யோசித்து யோசித்து, கோயிலுக்கு நேர்த்திகூட வைத்திருக்கிறா. கோபமில்லை என்று தெரிந்தது ஆறுதல்தானே அக்கா என்று கேட்டேன்.

"ஆறுதல்தான் மிஸ். ஆனால் கலியாணம் கட்டின நாளிலையிருந்து அவரின்ரை முகத்தைப் பாத்துத்தான் நான் சண்டையைத் தொடங்கிறனான். இனி எதைப் பாத்துத் தொடங்கிறது?"

மீசாலைக்கார அக்கா

இனிச் சொல்லப்போவதுதான் என்னை நித்திரை கொள்ளவிடாத சங்கதி. மீசாலையில் தோட்டம் செய்கிற குடும்பம். சரோஜா அக்கா, அவவின் கணவர், ஒரே மகள் தர்சினி. தர்சினிக்குக் கரவெட்டியில் மாப்பிள்ளை சரிவந்து, இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் நன்றாகப் பிடித்தும் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவுக்குச் சின்னதாகப் பாரிசவாதம். கதை பேச்சில் குறையில்லை. இடது கையில் கொஞ்சம் பலவீனம், வாயில் இடது ஓரம் லேசாகச் சோர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கலியாணம் பேசுகிற வீட்டில் வியாதியை வெளியே சொல்ல மாட்டோம் என்பது உங்களுக்கும் தெரியும். தாய்க்கு வந்தது நாளைக்கு மகளுக்கும் வருமோ என்று மாப்பிள்ளை வீடு கணக்குப் பார்க்கும் என்று பயம். மூடி மறைத்தார்கள். என்னிடம் வரும் நாட்களில்கூட அயலட்டைக்கு, கலியாணச் சீலை பார்க்க டவுனுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். திரும்பும்போது கையில் ஒரு புடவைக் கடைப் பை இருக்க வேண்டுமே என்பதற்காக ஒரு பழைய பையை மடித்துக் கொண்டுவருவார் கணவர்.

என்னிடம் வருவதற்கு முதல் ஒரு பிழை நடந்துவிட்டது. நாள் வைப்பதற்காக மாப்பிள்ளையின் தாய் பலகாரத் தட்டத்தோடு மீசாலைக்கு வந்திருக்கிறா. தன் கையாலேயே சுட்ட பயத்தம் பணியாரத்தை எடுத்துக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறா. இடது கையைச் சீலைக்குள் ஒளித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு துண்டைக் கடித்து, நல்லாயிருக்கு என்று சொல்லிச் சிரித்திருக்கிறா. வலப்பக்கம் மேலே போக, இடப்பக்கம் அப்படியே நின்றுவிட்டது. பார்ப்பவருக்கு அது நக்கல் சிரிப்பு. வந்தவ முகம் கறுத்துப்போய்த் தட்டத்தை வைத்துவிட்டு எழும்பிவிட்டா. அடுத்த நாளே, நாள் வைப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம் என்று கரவெட்டியிலிருந்து செய்தி வந்தது. தள்ளிப் போடுவோம் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று நான் விளக்கத் தேவையில்லை. தர்சினி சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள் என்று தகப்பன் சொன்னார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா:

"கை வராட்டிலும் பரவாயில்லை மிஸ். இந்தச் சிரிப்பை மட்டும் கெதியாச் சரியாக்கித் தாங்கோ, என்ரை பிள்ளையின்ரை சீவியம் இதிலை நிக்குது."

கண்ணாடிக்கு முன்னால்

கண்ணை மூடச் சொன்னால் இரண்டும் மூடின. நெற்றியைச் சுருக்கச் சொன்னால் முழுதும் சுருங்கியது. சிரிக்கச் சொன்னால் மட்டும் பாதி. விரலால் வாயோரத்தைத் தூக்கிவிட்டுப் பார்த்தோம், பல்லைக் காட்டிப் பார்த்தோம், அ, ஈ, ஊ என்று சொல்லிப் பார்த்தோம். அக்கா ஒரு நாளும் சலிக்கவில்லை. எனக்குத்தான் சலித்தது. இந்த வாய் மெல்ல மெல்லத் திரும்பும், ஆனால் கலியாண வீட்டு அவசரத்துக்கு வராது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. பசியும் எரிச்சலுமாக, இப்படித்தான் சிரிக்க வேண்டும் என்று நானே கண்ணாடியில் சிரித்துக் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டு நாய் தபால்காரரைக் கண்டால் இப்படித்தான் பல்லைக் காட்டும் என்றா. சொன்ன கையோடு அவவுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வந்த சிரிப்பில் வாயின் இரண்டு ஓரமும் ஒரே அளவாக மேலே போயின. நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, கண்ணாடியைப் பாருங்கோ, பாருங்கோ என்று கத்தினேன். அவ பார்த்தா. பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் சிரிக்க முயன்றா. பழையபடி பாதி.

"நான் பாக்காட்டி வருது, பாத்தால் ஓடுது. உது என்ன மிஸ், கள்ளப் பூனையே?"

இரண்டு வழி

அந்தக் கள்ளப் பூனையை நானும் அக்காவும் கணவருமாக நரம்பு டொக்டரிடம் கொண்டுபோனோம். அவருக்குச் சந்தோசம். சிரி என்று நாங்களே முகத்துக்குக் கட்டளை போடுவது மூளையின் மேற்பகுதியிலிருந்து வருகிற ஒரு வழி என்றார். உள்ளுக்குள் உணர்ச்சி பொங்கித் தானாகச் சிரிப்பு வருவது மூளையின் ஆழத்திலிருந்து வருகிற வேறொரு வழி. கண்டி வீதியை மறித்தால் மீசாலையிலிருந்து புத்தூர்ப் பக்கத்தால் டவுனுக்கு வருகிறீர்கள்தானே, அது போலத்தான் என்று சொன்னார். அக்காவுக்கு மறிபட்டது கட்டளை வழி மட்டும், உணர்ச்சி வழிக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்று முதுகில் தட்டாத குறையாக அனுப்பிவைத்தார்.

வெளியே வாங்குப் பலகையில் வந்து இருந்த பிறகுதான் மூன்று பேருக்கும் முழுதாக விளங்கியது. உண்மையாகச் சிரித்தால் அக்காவின் முகம் நேர். மரியாதைக்குச் சிரித்தால் கோணல். மாப்பிள்ளையின் தாய் கண்டது நக்கலில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு மனதிலிருந்து வந்ததில்லை என்று அவ நினைத்ததில் பிழையுமில்லை. இனி மறைத்துப் பிரயோசனமில்லை, கரவெட்டிக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிடுவோம், வருவது வரட்டும் என்று அக்கா முடிவெடுத்தா. எனக்கு அது நல்ல முடிவாகப் பட்டது. கணவர் புடவைக் கடைப் பையை மடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்:

"அதைச் சொல்லலாம். ஆனால் பொய்யுக்குச் சிரிக்க ஏலாத மனிசியை வைச்சுக்கொண்டு எங்கடை சொந்தக்காரருக்குள்ளை எப்பிடிச் சீவிக்கிறது?"

கரவெட்டியிலிருந்து வந்தவ

போய்ச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் தாய் நம்பவில்லை. கலியாணம் குழம்பப் போகிறது என்றதும் வியாதிக் கதை கட்டுகிறார்கள் என்பது அவவின் எண்ணம். நல்லாக் கதைக்கிறா, நல்லா நடக்கிறா, சிரிப்பில் மட்டும் என்ன வியாதி என்று கேட்டிருக்கிறா. நம்பாவிட்டால் பயிற்சி கொடுக்கிற மிஸ்ஸிடமே வந்து கேளுங்கோ என்று அக்காவின் கணவர் சொல்ல, அவ அடுத்த நாளே, அக்காவும் கணவரும் பயிற்சிக்கு வந்திருந்த நேரம், பஸ் ஏறி வந்துவிட்டா. நெடுத்த மனிசி. கதிரையில் சாயாமல், குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. மகனின் நல்லதுக்காக வந்திருக்கிற தாய் என்று நினைத்தபோது எனக்கு அவவிலும் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

சொல்லலாமா என்று அக்காவைக் கேட்டேன். தலையாட்டினா. இரண்டு வழிக் கதையை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அக்காவைச் சிரிக்கச் சொன்னேன், பாதி வந்தது. அன்றைக்கு மீசாலையில் பார்த்ததும் இதே சிரிப்புத்தான் என்று வந்தவ ஒத்துக்கொண்டா. சரி, இனி உண்மையான சிரிப்பைக் காட்டச் சொல்லுங்கோ என்றா. அதுதானே ஏலாத காரியம். கட்டளை போட்டால் வராதது என்பதுதான் அதன் குணமே. நான் நாய்ச் சிரிப்பைச் சிரித்துக் காட்டினேன். ஒருவரும் அசையவில்லை. கணவர் தன்னுடைய பழைய பகிடி ஒன்றைச் சொன்னார். கட்டின நாளிலிருந்து கேட்ட பகிடிக்கு எந்த மனைவி சிரிப்பா? அக்காவின் கண் கலங்கத் தொடங்கியது.

வந்தவ குடையைக் கீழே வைத்தா.

"அதை விடுங்கோ. அண்டைக்கு நான் கொண்டுவந்த பணியாரம் எப்பிடி இருந்தது? சிரிச்சு மழுப்பாமல் சொல்லுங்கோ."

அக்கா கணவரைப் பார்த்தா. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு," என்றா அக்கா. "என்ரை கட்டின பல்லு கழண்டு வாய்க்குள்ளை நிண்டுட்டுது. துப்பவும் ஏலாமல், விழுங்கவும் ஏலாமல்தான் உங்களைப் பாத்துச் சிரிச்சனான்."

முடிந்தது, கலியாணமும் முடிந்தது என்று நான் நினைத்தேன். வந்தவவின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறா என்றே எனக்குப் பட்டது. சிரித்துக்கொண்டிருந்தா. பணியாரத்துக்குக் காய்ச்சிய சர்க்கரைப் பாணி முற்றிப்போனது தனக்கு அன்று காலையே தெரியுமாம். வீட்டு மனிசன் சொல்லிவிட்டாராம். மிச்சத்தைக் கோழிக்குப் போட, கோழி கொத்திப் பார்த்துவிட்டு விலகிப் போனதாம். கோழிக் கதையோடு அக்காவும் வெடித்துச் சிரிக்கத் தொடங்கினா. கண்ணில் தண்ணீர் நிற்க, வாயின் இரண்டு ஓரமும் ஒரே அளவாக, காது வரைக்கும் போன சிரிப்பு.

வந்தவ சிரிப்பை நிறுத்திவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்தா. வலப்பக்கத்தைப் பார்த்தா, இடப்பக்கத்தைப் பார்த்தா. அக்காவுக்கு அது தெரியவுமில்லை, அவ இன்னும் கோழியை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தா. பிறகு அந்த நெடுத்த மனிசி கதிரையை இழுத்துப் போட்டுக் கிட்ட இருந்து, அக்காவின் பலவீனமான இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. ஊரில் ஒருவருக்கும் சொல்லாமல் இந்தக் கையோடு என்னமாய்க் கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்று மெதுவாகக் கேட்டா. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க நேரமிருக்கவில்லை. சீலைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவ சொன்னா:

"நாள் தள்ளத் தேவையில்லை, மச்சாள். ஆனால் இனி என்னைப் பாத்து மரியாதைக்குச் சிரிச்சியளெண்டால் எனக்கு உடனை தெரிஞ்சிடும்."

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய், மாமியார் வைத்த உப்புக் கூடின குழம்பைச் சோற்றில் விட்டு, நல்லாயிருக்கு மாமி என்று வாய் நிறையச் சிரித்தபோது, என் தலைக்குள் இரண்டு வழியும் திறந்தே கிடப்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.